சிகரெட் கொடுத்த பொற்கிழி

பாடுகிறவனுக்குப் பரிசு கொடுக்கும் வியாதி நம் நாட்டில் எப்போது தொற்றியது என்று தெரிய வேண்டுமானால் சங்க நூலான பதிற்றுப்பத்தின் பதிகங்களைப் புரட்டினால் போதும். ஸ்பான்சர், சேர மன்னர்கள். தகுதி, பத்துப் பாட்டு. அந்தச் சேரர்களின் வஞ்சி எங்கள் கரூர்தான் என்று கரூர்க்காரர்களும், இல்லை கொடுங்கல்லூர் என்று மலையாளத்தார்களும் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். கொடுத்த கை கொங்குக் கை என்றே நான் வைத்துக்கொள்கிறேன். எப்படியும் அந்தக் கை இப்போது எதையும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

பரிசுப் பட்டியலைப் பார்த்தால் மயக்கம் வரும். காப்பியாற்றுக் காப்பியனாருக்கு 40 லட்சம் பொன். கபிலருக்கு 1 லட்சம் காணம், அதோடு நன்றா என்ற குன்றின்மேல் மன்னன் ஏறி நின்று, தன் கண்ணுக்கு எட்டின நிலமெல்லாம். மன்னனுக்குக் கிட்டப்பார்வை இருந்திருந்தால் கபிலர் பாடு திண்டாட்டம். பரணருக்கு உம்பற்காட்டு வருவாயோடு மன்னன் தன் மகனையும் தூக்கிக் கொடுத்துவிட்டான். பரிசாக வந்த பையனை வீட்டம்மாவிடம் பரணர் எப்படி அறிமுகப்படுத்தினார் என்று பதிகம் சொல்லவில்லை. அரிசில்கிழாருக்கோ, ராஜாவும் ராணியும் அரண்மனையை விட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று 9 லட்சம் காணமும் அரியணையும் கொடுத்தார்கள். மனுஷன் அரியணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சர் உத்தியோகம் வாங்கிக்கொண்டார். ராஜா வேலையில் ஆபத்து அதிகம், அரசாங்க வேலை நிரந்தரம் என்று தெரிந்த முதல் தமிழ்க் கலைஞர் அவர்தான்.

எல்லாரையும் மிஞ்சியவர் பாலைக் கௌதமனார். எனக்கும் என் மனைவிக்கும் சொர்க்கம் வேண்டும் என்றார். மன்னன் வேள்விக்கு மேல் வேள்வியாகச் செய்ய, பத்தாவது வேள்வியில் தம்பதியைக் காணோம். பரிசு வாங்கிய கலைஞர் அதன்பின் ஆளே தென்படாமல் போவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. பத்துப் பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விழாக் கமிட்டி விண்ணப்பங்களைத் தொலைப்பதற்கும் இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம் உண்டு.

ஆனால் இதெல்லாம் பெரிய தலைகள் சமாசாரம். யாழைத் தோளில் போட்டுக்கொண்டு பசியோடு நடந்த பாணனும் விறலியும்தான் அன்றைய புதுமுகங்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஆற்றுப்படை: ஏற்கெனவே பரிசு வாங்கியவன் எதிரே வந்து, இந்த வழியாகப் போ, இன்ன வள்ளல் இன்ன விருந்து போடுவான் என்று வழி சொல்வது. வள்ளலுக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

இனி எங்கள் கொங்கு நாட்டுக் கருமத்தம்பட்டிக்கு வருவோம். எங்கள் ஊரில் நடந்த மிகப் பெரிய பட்டமளிப்பு என்றால் 1846 அக்டோபர் 4-ஐத்தான் சொல்ல வேண்டும். மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுப் பாதிரியாருக்கு இங்கேதான் ஆயர் பட்டம் கட்டினார்கள். வயது 32. வளரும் இளம் திறமை என்ற பிரிவில் தாராளமாகச் சேர்க்கலாம். நம்ம ஜனங்கள் தேவனுக்கு முன்னாலும் சாதியை விடமாட்டார்கள் என்பது பட்டம் கட்டிய பிறகும் அவரை உறுத்தியது. சில வருஷம் மல்லாடிவிட்டு ராஜினாமா கொடுத்து ஊர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் தேசிய அளவில் பட்டம் எதுவும் எங்கள் ஊரில் வழங்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி 1970. சேரன் போய், சோழன் போய், வெள்ளைக்காரனும் போய், பாடுகிறவனுக்குக் கொடுக்க யாருமில்லாமல் நாடு தவித்தபோது கைகொடுத்தது ஒரு சிகரெட். சிம்லா என்று பெயர். இம்பீரியல் டொபாக்கோ கம்பெனிச் சரக்கு. அந்தக் கம்பெனியே அந்த வருஷம்தான் 'இம்பீரியலை' உதறிவிட்டு 'இந்தியா டொபாக்கோ' என்று கதர் உடுத்திக்கொண்டது. புது வேட்டி கட்டியவனுக்கு ஊர் மெச்ச ஏதாவது செய்யத் தோன்றுமல்லவா? சிம்லா பீட் போட்டி என்ற பெயரில் நாடு முழுக்க இருக்கிற கித்தார்ப் பையன்களைத் திரட்டி மேடையேற்றினார்கள். இறுதிச் சுற்று பம்பாய் சண்முகானந்தா ஹாலில்.

சண்முகானந்தா யார் இடம்? பம்பாய்க்குப் பிழைக்கப் போன நம்மவர்கள் சங்கீத சபாவுக்கென்று கட்டிய இடம். சாஹித்யம் பிசகினால் முன்வரிசை மாமா முகம் சுளிக்கிற அரங்கில், முடியைத் தோளுக்கு வளர்த்த ஒருவன் எலெக்ட்ரிக் கித்தாரைக் கதறவிடுகிறான். தனி ஆவர்த்தனம் மட்டும் இரு தரப்புக்கும் பொது, அதிலும் டிரம்ஸ்காரன் எப்போது முடிப்பான் என்று யாருக்கும் தெரியாது.

ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ் வந்தார்கள், பெங்களூரிலிருந்து டைனோசர்ஸ், கல்கத்தாவிலிருந்து கிரேட் பேர். மெட்ராஸிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ் என்றொரு குழு. இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஓய்ந்து ஐந்து வருஷம்கூட ஆகாத மெட்ராஸிலிருந்து பம்பாய்க்குப் பாடப் போகும் பையன்கள் எந்த மொழியில் பாடுவது? தமிழில் பாடினால் அங்கே புரியாது, இந்தியில் பாடினால் இங்கே விடமாட்டார்கள். இங்கிலீஷில் பாடிவிட்டார்கள். அண்ணாவின் இருமொழிக் கொள்கையை இத்தனை சத்தமாகப் பின்பற்றியவர்கள் வேறு யாருமில்லை.

சாமான்கள் கதை தனி. வெளிநாட்டுக் கித்தார் இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைப்பதைவிடக் கௌதமனாரின் சொர்க்கம் சுலபம். உள்ளூர்த் தச்சர் செதுக்கியது, ரேடியோ மெக்கானிக் ஒட்டுப்போட்டது என்று கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். அன்றைய ரெக்கார்டுகளில் கேட்கும் அந்தக் கரகரப்பை வெள்ளைக்கார ரசிகர்கள் பிற்பாடு சிலாகித்தார்கள். பாதி வால்வு சூடேறின சத்தம் என்று யார் போய்ச் சொல்வது?

1970-க்கு ஒன்று, 71-க்கு ஒன்று என்று போட்டிப் பாட்டுகளை எல்.பி. தட்டாக வெளியிட்டார்கள். இங்கேதான் சேர மன்னர்களைக் கம்பெனி தூக்கிச் சாப்பிட்டது. பாட்டுடைத் தலைவனாக மன்னனைப் பாடினால் மன்னன் பெயர் வரும். இங்கே ஃபென்டோன்ஸ் வாசித்த ஒரு உருப்படிக்குப் பெயரே 'சிம்லா பீட் தீம்'. பாட்டுடைத் தலைவன் ஒரு பாக்கெட். வீட்டில் அப்பா தலை தெரிந்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற வயசுப் பையன்கள், மேடையில் அதன் பெயரையே வாசித்துக் கைத்தட்டல் வாங்கினார்கள்.

கொங்கு நாட்டிலும் புகையிலை ஏராளமாக விளைந்தது. நாம் ஏன் ஒரு விருது வைக்கவில்லை? நம்முடையது வெற்றிலையோடு மெல்லுகிற ரகம். வாயில் அடக்கிக்கொண்டு பாட முடியாது.

அந்தக் காலத்தில் கருமத்தம்பட்டிப் பையன் ஒருவன் இந்தப் போட்டிக்குப் போக ஆசைப்பட்டு, தறி ஷெட்டில் நிற்கும் அப்பனிடம் கித்தாருக்குக் காசு கேட்டிருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

"அத வாசிச்சா மீட்டருக்கு எவ்வளவு கூலி தருவாங்க கண்ணு?"

"மீட்டர்க் கணக்கெல்லாம் இல்லீங்கப்பா. ஜெயிச்சா கப்புத் தருவாங்க."

"கப்பா? அதுக்குள்ள என்ன இருக்கும்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா கப்புங்க."

"போயி அந்தப் பாவப் புணை. ஒம்பது இழை அறுந்து கெடக்குது."

இந்திய ராக் இசை இழந்தது என்ன என்று தெரியாது. சோமனூர்ச் சந்தைக்கு ஒரு பீஸ் கூடுதலாகப் போயிருக்கும்.

போட்டி ஓய்ந்தது. பையன்கள் பெரும்பாலும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். பழைய இரும்புக்குப் போகாமல் தப்பிய தட்டுகள் பின்னாளில் ஜெர்மனியில் மறுபதிப்பாக வந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம ஊர்ப் பஞ்சு சீமைக்குப் போய்த் துணியாகத் திரும்பிய மாதிரியேதான்.

2003-ல் ஸ்பான்சர் செய்து புகையிலைக்கு விளம்பரம் தேடக் கூடாது என்று சட்டம் வந்தது. கலைஞர்கள் கலங்கவில்லை, மதுக் கம்பெனிகள் தயாராக நின்றன. அவர்களுக்கும் விளம்பரத் தடை. அதனால் இசை சிடி விற்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். சாராயப் பெயரில் சங்கீதம் விற்ற ஒரே தேசம் நாமாக இருக்கலாம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு நடத்திய ராக் விருதுகளுக்கு முன்னொட்டு ஜாக் டேனியல்ஸ். 2010-ல் புனேயில் தொடங்கிய வீக்கெண்டர் விழாவின் பெயருக்கு முன்னால் பகார்டி, அதை ஒட்டி என்.எச். 7. எங்கள் ஊர் வழியாக என்.எச். 47 போய்க்கொண்டிருந்தது. நாற்பது எண் கூடுதலாக இருந்தும் ஒரு விழாவும் வரவில்லை. இப்போது அதை 544 ஆக்கிவிட்டார்கள், அப்போதும் வரவில்லை.

கிண்டல் செய்ய வராத விருது ஒன்றே ஒன்று. பெங்களூரில் 2004-ல் தொடங்கிய டோட்டோ அறக்கட்டளையினுடையது. இசைப் பைத்தியமாக இருந்து இளவயதில் போய்விட்ட ஒரு பையனின் செல்லப்பெயர் டோட்டோ. அவன் நினைவாக, முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கிறார்கள். விற்பதற்கு அவர்களிடம் பாக்கெட்டும் இல்லை, புட்டியும் இல்லை. சரி, மேலே போவோம்.

எங்கள் பக்கத்து மாற்று இசை என்றால் துடும்பும் ஜமாப்பும்தான். நோன்பிக்குச் சாமி புறப்படும்போது, பத்துப் பதினைந்து பையன்கள் தோளில் மாட்டி அடிக்க ஆரம்பித்தால், ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே ஜன்னல் கண்ணாடி ஆடும். சிம்லாக்காரன் கேட்டிருந்தால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். ஆனால் கூலி பேசித் தட்டுகிறவனைக் கலைஞன் என்று எந்த விருதுக் கமிட்டியும் கூப்பிடவில்லை. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. பிரெசியாக் ஆயரைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்.

ஆகவே கருமத்தம்பட்டி விருது ஒன்றை நாமே தொடங்கிவிடலாம் என்று டீக்கடையில் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடி மாதம் வைத்தால் கல்யாண மண்டபம் வாடகை குறைவு. நடுவர்களாகத் தறி ஓட்டிக் காது மரத்தவர்களைப் போடலாம். முப்பது தறி ஓடுகிற இரைச்சலில் எங்கோ ஓரத்துத் தறி தாளம் தப்பினால் திரும்பிப் பார்க்கிறவர்கள். பரிசுக்கு நாட்டில் பங்கு கேட்கக் கூடாது, பையனைத் தரமாட்டோம், சொர்க்கம் சொந்தச் செலவில். ஸ்பான்சருக்கு ஒரு நூல் மில் முதலாளியைப் பார்க்கப் போனோம். காபி வரவழைத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல காரியமுங்க. தாராளமாச் செய்யலாம். பாட்டுல நம்ம மில்லுப் பேரு எத்தன தடவ வருமுங்க?"