வீட்டிலேயே இருக்கிறது

ஜன்னல் தோட்டக்காரர் தம் ஜன்னலின் அருகில் இருக்கும்போதைவிடத் தெருமுனைக் காய்கறி வண்டியின் அருகில் நிற்கும்போதுதான் முழுத் தோட்டக்காரராகிறார். காயை நிறுத்துப் பையில் கொட்டிய பிறகு, விற்கும் அம்மாள் கைப்பழக்கத்திலேயே ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலையையும் நாலு காம்பு கொத்தமல்லியையும் எடுத்து மேலே போட வரும் அந்தக் கணத்துக்காகவே அவர் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்க வந்தார் என்று கருத இடமுண்டு. "வேணாம்மா, நம்ம வீட்லயே இருக்கு" என்று அப்போது அவர் சொல்லும் விடை, கேட்ட அம்மாளோடு நில்லாமல், தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பவர்களுக்கும், எதிர்ச்சாரியில் பால் வாங்கித் திரும்புபவர்களுக்கும் சென்று சேரும் அளவுக்குக் குரலெடுத்துச் சொல்லப்படுகிறது. அம்மாள் கையிலிருந்ததை மறுபடியும் கூடையில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கவனிக்கிறார்.

வாங்கிய சரக்குக்கு மேல் விலையில்லாமல் விழும் சிறு பங்குக்குக் கொசுறு என்று பெயர். சென்னையில் கொத்தமல்லி விலை ஏறும் மாதங்களில் அதற்குக் காசு கேட்பவர்கள் உண்டு எனினும், வாடிக்கைக்காரருக்குக் கறிவேப்பிலையை மறுக்கும் வண்டி இன்னும் வந்தபாடில்லை. உலகில் வளர்க்கத்தக்க செடிகள் ஆயிரம் இருக்க, கேட்காமலே கிடைக்கும் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்து, அவற்றுக்காகத் தொட்டியும் மண்ணும் உரமும் பூவாளியும் விலை கொடுத்து வாங்குவதே இவ்வகையினரின் முதல் இலக்கணம்.

ஏனைய இலக்கணங்களை விரைந்து கடக்கலாம். கயிறு திரிப்பதற்காக மட்டையை அடிக்கும்போது உதிரும் தூளை அழுத்திச் செய்த தென்னை நார்க்கழிவுக் கட்டி, 5 கிலோ எடையுள்ளது ஒன்று, நீரில் ஊறினால் 60 லிட்டருக்கும் மேலாக உப்பும். மூன்று தொட்டிகளுக்குத் தேவையானது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது கட்டி முழுவதும் ஊறிய பிறகே தெரியவருவதால், எஞ்சியது குளியலறையில் குடியேறுகிறது. தனியா என்று அழைக்கப்படும் உருண்டை உண்மையில் இரண்டு விதைகளைக் கொண்ட காய் என்பதும், அதை இலேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைப்பதே வழக்கம் என்பதும், முதல் விதைப்பு பெரும்பாலும் வீணான பின்னரே அவருக்கு அறிவிக்கப்படுகின்றன. வடக்கு நோக்கிய ஜன்னலுக்கு மே மாதத்தில் வெயில் வருவதைக் கண்டு அவர் தம் கைராசியை மெச்சிக்கொள்வார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னைக்குச் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே செல்வது ஆண்டுதோறும் நிகழ்வதே என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"வீட்லயே இருக்கு" என்ற தொடருக்கே திரும்புவது நல்லது. ஏனெனில் மற்றவை யாவும் அதற்கு உரமாக இடப்பட்டவை. இத்தொடர் வண்டியோடு நிற்பதில்லை. திருமணப் பந்தியில் ரசம் விட்டவுடன் இலையில் மிதக்கும் கறிவேப்பிலையை இரு விரலால் தூக்கி மோந்து பார்த்து, "கடை இலை, மருந்தடிச்சது" என்று பக்கத்து இலைக்காரரிடம் அறிவிப்பதும், அவர் கேட்காத நிலையிலும் தம் வீட்டு இலையின் மணத்தை விவரிப்பதும், அப்பேச்சு முடிவதற்குள் மோர் வந்துவிடுவதும் வழக்கம். முடி கொட்டுகிறது என்று அலுவலகத்தில் ஒருவர் வருந்தினாலும், மருத்துவமனையில் உறவினர் ஒருவர் பத்திய உணவைக் குறை கூறினாலும், பேச்சு ஓரிரு வாக்கியங்களில் அந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்துவிடும். கேட்பவர் நாகரிகம் கருதி "அப்படியா, ரெண்டு இலை கொண்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டால் மட்டும் அவர் முகம் சற்று மாறும். செடி இன்னும் சின்னது என்பார்.

செடி இன்னும் சின்னது என்பது முழு உண்மை. அதன் உயரம் ஒன்றரை அடி; அதில் ஈர்க்குகள் ஆறு. தமிழில் கறிவேப்பிலை என்றாலே பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியப்படுபவருக்கு உவமை. இவ்வீட்டில் மட்டும் அது பயன்படுத்தப்படாமல் போற்றப்படுகிறது. "ஏங்க, தாளிக்க நாலு இலை கிள்ளிக்கிறேன்" என்று சமையலறையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தால், "இப்பத்தான் துளிர் விட்டிருக்கு, ஆடி போகட்டும்" என்ற விடை வருகிறது. ஆடி போனபின் ஆவணி வெயிலும், அதற்குப்பின் ஐப்பசி அடைமழையும் காரணங்களாகின்றன. வீட்டிலேயே இருக்கிறது என்பதால் வண்டியிலிருந்து வருவது நின்றுவிட்டது. துளிர் விட்டிருக்கிறது என்பதால் ஜன்னலிலிருந்து வருவது தொடங்கவில்லை. ஆகவே கறிவேப்பிலைச் செடி வந்த நாள்முதல் கறிவேப்பிலையே இல்லாத சாம்பார் அக்குடும்பத்தில் உண்ணப்படுகிறது.

இவ்விடத்தில் தாவரவியலும் வீட்டுக்குள் நுழைகிறது. நாலு இலை என்று மனைவி கேட்டதும், ஈர்க்கோடு சேர்ந்த முழுவதுமே தாவரவியல்படி ஓர் இலை, அதற்குக் கூட்டிலை என்று பெயர், அதில் இருபுறமும் தொங்கும் பதினொன்று முதல் இருபத்தொன்று வரையிலானவை வெறும் சிற்றிலைகள், எனவே நாலு இலை என்பது செடியில் மூன்றில் இரண்டு பங்கு என்று அவர் கணக்குக் காட்டுகிறார். கணக்கில் பிழையில்லை. செடியின் அறிவியல் பெயரான முர்ரயா கோனிகி என்பதில் உள்ள கோனிக், லின்னேயஸின் மாணவர் என்றும், பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் இருந்த டேனியர் குடியிருப்பில் மருத்துவராக வந்து செடிகளைத் திரட்டியவர் என்றும் தொடர்ந்து விளக்கப்படுகிறது. அதுவும் உண்மையே. ஆனால் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் தரங்கம்பாடியின் வரலாற்றைச் சொல்வது எவ்வகையிலும் நியாயமன்று.

எலுமிச்சையும் வில்வமும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பதை மனிதரைவிட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி நன்கறியும். அது எந்த மாடியாயினும் தேடி வந்து தளிரில் முட்டையிட்டுப் போகும். பொரிந்து வரும் புழு, முதல் சில நாட்கள் பறவை எச்சத்தைப் போலவே தோற்றமளித்துத் தப்பித்து, பின்னர் இலையின் பச்சையை ஏற்றுக்கொண்டு, நாலு இலை வேண்டும் என்று எவரிடமும் கேட்காமல் ஆறு ஈர்க்குகளையும் தின்று தீர்க்கும். மனைவிக்கு ஒரு சிற்றிலை தராதவர் இதைக் கண்டு கொதித்தெழுவார் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். அவர் புழுவைப் படம் எடுத்து, பல்லுயிர்ப் பெருக்கம் தம் ஜன்னலுக்கு வந்துவிட்டதாக உறவினர் அனைவருக்கும் அனுப்பி, அது கூடு கட்டும் வரை விசிறியைக்கூட மெதுவாக ஓடவிடுகிறார். மொட்டைக் குச்சியாக நிற்கும் செடிக்கு அருகில் நாற்காலி போட்டுக் காலைக் காப்பியைக் குடிக்கும் அந்த மனிதரிடம் கோபம் கொள்வது அந்த நேரத்தில் சற்றுக் கடினம். குச்சியும் பத்து நாளில் துளிர்த்துவிடுகிறது, தொடரும் துளிர்க்கிறது.

ஆனால் கோபம் கொள்வதற்கு வேறு நேரம் உண்டு. அது காலை ஆறரை மணி. மூன்று தொட்டிகளுக்கு மூன்று குவளை போதும் என்ற நிலையில் பூவாளி நிறைய ஊற்றப்படும் நீர், தொட்டியின் அடித்துளை வழியாகவும் ஜன்னல் கம்பிகளின் வழியாகவும் இறங்கி, செம்மண் நிறத்தோடும், பஞ்சகவ்யம் இட்ட நாளானால் அதன் மணத்தோடும், கீழ் வீட்டுக் கொடியில் உலரும் துணிகளின் மீது சொட்டுகிறது. பஞ்சகவ்யம் என்பது சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பல நாள் புளிக்கவைத்த கரைசல். லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் செடிக்கு நல்லது என்பர். வெள்ளை வேட்டிக்கு நல்லது என்று எவரும் சொன்னதில்லை. இது குறித்து மேலே சென்று முறையிடுபவருக்குக் கிடைக்கும் விடை, "சத்துள்ள தண்ணி சார் அது, வீணாத்தான் போகுது. நீங்களும் கீழ ஒரு தொட்டி வெச்சீங்கன்னா பிடிச்சுக்கும்" என்பதாகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமே என்று கேட்டால், தேங்கும் நீரில் டெங்குக் கொசு வளரும் என்று மாநகராட்சியின் எச்சரிக்கை எடுத்துக்காட்டப்படுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரமாவது ஆகும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்தால் போதும். செய்ய முடியாத செயல் அன்று இது. நாலு ஆண்டுகளாகச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

தட்டுகள் வரும் வரை கீழ் வீட்டில் துணி உலர்த்தும் நேரம் காலை பத்து மணிக்கு மேல் என்று மாற்றப்பட்டிருக்கிறது. கறிவேப்பிலைக்காக மேல் வீட்டம்மாள் இறங்கி வருவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்; கீழ் வீட்டுக்காரர் வண்டியில் இரண்டு பங்காகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.