பனிக்கு மாமூல் கிடையாது

திருவண்ணாமலை அக்கினித் தலம். சாமியே நெருப்பு. கார்த்திகையில் 2,668 அடி மலையுச்சியில் கொப்பரை நிறைய நெய் ஊற்றித் தீபம் ஏற்றுகிறோம். சித்திரையில் அந்த வேலையைச் சூரியன் இலவசமாகவே செய்துவிடுகிறது. மார்கழி விடியலில் கிரிவலம் போகிறவர் மங்கி குல்லா போட்டுக்கொள்கிறாரே, எங்கள் ஊர்ப் பனிக்காலம் அதோடு சரி. இப்பேர்ப்பட்ட ஊரில் லாரி டயருக்கு மாட்டும் பனிச்சங்கிலி வைத்திருக்கும் வீடு ஒன்று உண்டென்றால் அது என் அக்கா வீடுதான்.

அக்கா மகன் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டுகிறான். செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரியைப் பிடித்துவிட்டால், அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம் என்பான். பாதி உண்மை. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் கிளம்பி, கிருஷ்ணகிரியைத் தொட்டுக்கொண்டு, 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஸ்ரீநகரில் போய் நிற்கிறது. போகும்போது கிடைத்த லோடு, வரும்போது ஆப்பிள். பனிக்காலத்திலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து ஆப்பிள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆப்பிளை நம்பித்தான் நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்க்கவே போகிறார்கள்.

அவன் அந்தச் சங்கிலியை வாசலில் இறக்கிப்போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "யானைச் சங்கிலியாப்பா?" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். கோயில் யானை ருக்கு 2018இல் போய்ச் சேர்ந்ததிலிருந்து யானை என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் ஊரில் காது நீளும். பொழுது சாய்வதற்குள், புது யானை வரப்போகிறது, சங்கிலி முதலில் வந்துவிட்டது என்று பூக்கடை வரைக்கும் சேதி பரவியிருந்தது.

அது இரண்டு நீளச் சங்கிலி; நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்குச் சங்கிலிகள். டயரின் மேல் போர்த்தி, வண்டியை ஒரு முழம் நகர்த்தி, முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கக் கொக்கி. கொஞ்ச தூரம் ஓட்டியதும் தளர்ந்துவிடும். இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். "கையுறை போட்டா கொக்கி மாட்டாது மாமா. கழட்டினா விரல் இருக்காது" என்றான். எல்லா டயருக்குமா என்று கேட்டேன். "எதுக்கு? ஹவுசிங் டயருக்குப் போட்டா போதும். வண்டியைத் தள்றது அதுதானே?"

விஷயம் இவ்வளவுதான்: குளிரில் டயர் ரப்பர் விறைத்துப்போகிறது. பனிக்கட்டியின் மேலோ மெல்லிய நீர்ப்படலம். பத்து டயரும் பத்து டன்னுக்கு மேல் எடையும் இருந்து என்ன, பிடிமானம் இல்லையென்றால் லாரி எந்தப் பக்கம் போவது என்பதை டிரைவர் முடிவு செய்வதில்லை. சங்கிலி பனியைக் கடித்துக்கொள்கிறது. அதற்காக அதைப் போட்டுக்கொண்டே ஊர்வரை வந்துவிடவும் முடியாது. ஆமை வேகம்தான் போகலாம். பனியில்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி அறும், டயர் கிழியும், சாலையும் பெயரும்.

ஸ்ரீநகருக்கும் அப்பால், சோனமார்க்கைத் தாண்டி 3,528 மீட்டர் உயரத்துச் சோஜிலா கணவாய் இருக்கிறது. பனி விழும் நாள்களில் சங்கிலி இல்லாத வண்டியை அந்தப் பக்கம் போலீஸ் மேலே விடாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துக்காரர்கள் இன்னும் கறார். ராக்கி மலையை ஏறிக் கடக்கும் ஐ-70 நெடுஞ்சாலையில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை லாரிக்காரர் சங்கிலியை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். வெயிலடித்தாலும் வைத்திருக்க வேண்டும். மாட்டச் சொன்ன நாளில் மாட்டாமல் போய்ச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றால் 1,000 டாலருக்கு மேல் அபராதம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை லாரியில் சங்கிலி இருக்க வேண்டும்.

நமக்கும் டயர் விதி இல்லாமல் இல்லை. புதுவண்டி எடுத்தால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவோம். இதை மீறிய ஒரு லாரியை நான் பார்த்ததில்லை. அபராதம் கிடையாது, சோதனைச்சாவடி கிடையாது, ஆனாலும் நூற்றுக்கு நூறு அமல். சட்டம் போடுகிறவர்கள் எலுமிச்சம்பழத்திடம் பாடம் படிக்கலாம்.

சங்கிலி கட்டிய வண்டியும் எங்களுக்குப் புதிதல்ல. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாடவீதிகளில் ஐந்து தேர் ஓடும். அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பார்கள். பெரிய தேரின் இரும்புச் சங்கிலியைத் தொடவே ஆயிரம் பேர் முண்டியடிப்பார்கள். ஆனால் அந்தத் தேரை நிறுத்துகிறவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கும் ஆள். ஊரே "அரோகரா" என்று வானம் பார்க்கும்போது அவர் ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எடைக்குப் பக்தி தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

இதையே அக்கா மகன் லாரி பாஷையில் சொன்னான். ஓவர்லோடு, எஃப்.சி., பர்மிட், தார்ப்பாய் என்று ஒரு வண்டிக்கு எத்தனையோ விதி. அதில் எதையும் மீறாமல் ஸ்ரீநகர் போய்வந்ததாக அவன் சத்தியம் செய்யத் தயாரில்லை. பிறகு சங்கிலி விதியை மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்காக மதிக்கிறாய் என்றேன்.

"மாமா, சாவடியில ஆள் நின்னா பேசலாம். போலீஸ் நின்னா பேசலாம். பனி நின்னா இன்னாத்த பேசுவீங்க?"

இந்திய விதிகளிலேயே மாமூல் இல்லாமல் நடக்கும் ஒரே விதியைக் கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில், "அப்போ இந்தச் சங்கிலிக்காக நீ யாருக்கும் பத்து பைசா கொடுத்ததில்லை" என்றேன்.

"மேல கொடுக்கலை" என்றான். "இறங்கி வரும்போது, நல்ல வெயில்ல, ஒரு சாவடியில வண்டியைச் சோதிச்சவர் இதைத் தூக்கிப் பார்த்தாரு. இன்னாது இதுன்னாரு. பனிக்குன்னேன். சூரியனை ஒருவாட்டி பார்த்தாரு, என்னை ஒருவாட்டி பார்த்தாரு. லோடு பில்லுல ஆப்பிள்னுதான் போட்டிருக்கு, இரும்புன்னு போடலையேன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, பேசித்தான் வந்தேன்."