சுட்ட சால்மனும் விசிலின்மைச் சிக்கலும்: கொங்கு அடுப்படியை முன்வைத்து ஓர் அறிமுக ஆய்வு

1. ஆய்வின் தேவை

கோயம்புத்தூரைப் பற்றி எழுதுகிறவர்கள் பஞ்சாலை, பம்புசெட், கிரைண்டர், சிறுவாணித் தண்ணீர், மரியாதைப் பேச்சு ஆகிய ஐந்தையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இந்த ஊரில் ஒரு குடும்பம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஓவனில் சால்மன் சுட்டு, சட்டென்று சத்தாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க முடியுமா என்ற கேள்வியை இதுவரை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. எவரும் எழுப்பாத கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பதே ஆய்வு.

2. ஆய்வின் எல்லை

வடக்கே பவானிசாகர், தெற்கே ஆழியாறு, கிழக்கே பள்ளிபாளையம், மேற்கே வாளையாறு. பொழுது: இரவு. புரட்டாசி மாதம் விலக்கப்பட்டுள்ளது. அம்மாதத்தில் தகவலாளிகள் கதவையே திறக்கவில்லை.

3. முன்னாய்வுகள்

சங்க இலக்கியத்தில் வாளை உண்டு, வரால் உண்டு, கெண்டை உண்டு, அயிரை உண்டு. சால்மன் இல்லை. கிடைக்கவில்லை என்பதாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சால்மனைப் பாடிய ஏட்டை மட்டும் கரையான் தேர்ந்தெடுத்துத் தின்றிருக்கும் எனக் கருத இடமுண்டு. 'இருந்தது' என்பர் சிலர். 'இல்லை' என்பர் வேறு சிலர். 'இரண்டும் பொருந்தும்' என்பர், அடுத்த மாதம் ஓய்வு பெறுவோர்.

4. மீன் பகுப்பு

4.1 சால்மன். வட அட்லாண்டிக், வட பசிபிக் கடல்களின் குளிர்நீர் மீன். இன்று உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு பண்ணையில் வளர்ந்தது. பண்ணைச் சால்மனில் முதலிடம் நார்வேக்கு. அதன் இளஞ்சிவப்பு நிறம் அஸ்டாசாந்தின் என்ற நிறமியால் வருகிறது. கடலில் திரியும் சால்மனுக்கு இறால் வகைகளைத் தின்று அது கிடைக்கிறது. பண்ணைச் சால்மனுக்குத் தீவனத்தில் கலந்து தருகிறார்கள். கோவையில் இது பெரிய கடைகளின் உறைபெட்டியில் கிடக்கிறது. விலைச்சீட்டைப் படித்த தகவலாளிகள் பலர் 'ஏனுங், இது கிலோவுக்குங்களா, மீனுக்குங்களா?' என்று கேட்டுவிட்டு ஆட்டுக்கறிக் கடைக்கு நடந்தனர்.

4.2 காலா. உக்கடம் மீன் மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று கேட்டால் கையில் வருவது இதுதான். சால்மன் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கன்னத்துக்குக் கீழே நூல் நூலாகத் துடுப்புக்கதிர் தொங்கும் வேறொரு குடும்பம், சதை வெள்ளை. ஆனால் முள் குறைவு, தடிமன் நிறைவு, ஓவனுக்கு ஏற்றது. எனவே இக்கட்டுரை இனி இரண்டையும் சால்மன் என்றே குறிக்கும். ஆய்வில் இதற்குக் 'கருதுகோளை எளிமையாக்குதல்' என்பார்கள்; மீன்கடையில் சொல்வதை அச்சிட முடியாது.

4.3 ட்ரவுட். கொங்குநாட்டுக்கும் சால்மனுக்கும் இரத்த உறவு உண்டு என்பதை நிறுவும் பகுதி இது. வாசகர் நிமிர்ந்து உட்காரலாம். ட்ரவுட் சால்மன் குடும்பத்து மீன். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்து இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1863இல் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு ஹென்றி சார்லஸ் வில்சன் முயன்றார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வானவில் ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. அவலாஞ்சித் தண்ணீர் குந்தாவில் சேர்கிறது. குந்தா பவானியில் சேர்கிறது. பவானி மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி வருகிறது. ஆகவே மேட்டுப்பாளையத்துக்காரர் குடிக்கும் ஒவ்வொரு டம்ளரிலும் சால்மனின் பங்காளி குளித்த தண்ணீர் கலந்திருக்கிறது எனக் கருத இடமுண்டு. இதைவிட மெல்லிய நூலில் தொங்கும் முனைவர் பட்டங்கள் இருக்கின்றன.

4.4 அணைமீன். கட்லா, ரோகு, மற்றும் 1952இல் இந்தியாவுக்குள் வந்து குளம் குட்டையெல்லாம் தனதாக்கிக்கொண்ட ஜிலேபி. மேட்டூரிலும் பவானிசாகரிலும் ஆழியாற்றிலும் அணை பார்க்கப் போகிறவர்கள் உண்மையில் பார்க்கப் போவது, மிளகாய்த்தூள் தடவி எண்ணெயில் கிடக்கும் இந்த மீனைத்தான். ஓவன் பற்றிய கேள்விக்கு வறுவல் கடைக்காரர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

4.5 கருவாடு. இதை ஓவனில் வைக்கலாமா என்று கேட்டதும் தகவலாளி பேட்டியை முடித்துக்கொண்டார்.

4.6 சொற்பிறப்பு. மூன்று பேர் தனித்தனியே எழுதித்தர முன்வந்ததால் இப்பகுதி கைவிடப்பட்டது.

5. ஓவனின் வகைகள்

கொங்கு அடுப்படிகளில் ஓவன் நான்கு நிலைகளில் காணப்படுகிறது. ஒன்று, கல்யாணச் சீராக வந்து பெட்டி பிரிக்காமல் லாப்டில் இருப்பது. இரண்டு, தோசைக்கல்லும் வாணலியும் வைக்கும் அலமாரியாக உயர்ந்தது. மூன்று, 2020 ஊரடங்கில் கேக் செய்யப்பட்டு அத்தோடு ஓய்வு பெற்றது. நான்கு, இயங்குவது. நான்காம் வகை அரிது.

காரணம் தொழில்நுட்பமல்ல, மரபு. ஈரக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. மோட்டார் ஓடாத பொருளை இங்கே பொருளாக மதிப்பதில்லை. காற்றுச் சுழற்சி ஓவனில் விசிறியைச் சுற்ற ஒரு சின்ன மோட்டார் உண்டு என்று எடுத்துச் சொன்னபோது, பீளமேட்டுத் தகவலாளி ஒருவர் முதன்முறையாக ஆர்வம் காட்டினார். 'எத்தன ஹெச்.பி.ங்க?' என்றார்.

6. விசிலின்மைச் சிக்கல்

6.1 சிக்கலின் தோற்றம். நம் அடுப்படியில் காலத்தின் அலகு நிமிடமன்று, விசில். அரிசியும் பருப்பும் மூன்று விசில். ஆட்டுக்கறி, ஆட்டின் வயதைப் பொறுத்து ஆறிலிருந்து எட்டு. நிமிடம் என்பது பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் உரியது. ஓவனுக்கு விசில் இல்லை. எனவே ஓவனில் காலம் இல்லை. காலம் இல்லாத இடத்தில் மீன் எப்படி வேகும் என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

6.2 இயற்பியல் பின்னணி. குக்கருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடியதும் தலையிலுள்ள குண்டு எழும்பி நீராவியை விடுகிறது. அந்நேரம் உள்ளே சூடு 120 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பக்கத்தில் ஓவன் 200 டிகிரியில் வாய் திறக்காமல் நிற்கிறது. சூடு குறைந்தது கூவுவதும் சூடு மிகுந்தது மௌனம் காப்பதும் அடுப்படியிலும் கருத்தரங்கிலும் ஒருங்கே காணப்படும் நிகழ்வு.

6.3 மணியோசை. ஓவன் முடிவில் 'டிங்' என்கிறதே என்று எதிர்ப்பக்கத்தார் வாதிடுவர். அந்த மணி, நாம் திருகி வைத்த நேரம் தீர்ந்ததைச் சொல்கிறதே ஒழிய, மீன் வெந்ததைச் சொல்லவில்லை. காலி ஓவனும் அதே குரலில் 'டிங்' என்னும். இதை மெய்ப்பிக்க விரும்புவோர் மின்கட்டணத்தைத் தாங்களே ஏற்க வேண்டும்.

6.4 எண்ணுமுறைப் பள்ளிகள். விசில் என்றால் எது என்பதிலேயே அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. முழுவிசிலர், தெருமுனைக்குக் கேட்பது மட்டுமே விசில் என்பர் (எதிர்வீட்டு அத்தை, மதில்சுவர் உரையாடல், சிறுவாணித் தண்ணீர் வந்த நாள்). அரைவிசிலர், குக்கரின் முனகலையும் கணக்கில் சேர்ப்பர், சேர்க்காவிட்டால் பருப்பு அடிப்பிடிக்கும் என்பது இவர்கள் துணிபு (என் அம்மிச்சி, 'அடுப்படி அறிவுரைகள்', மூன்றாம் தொகுதி, அச்சேறவில்லை, இன்னும் நிற்கவுமில்லை). முதல்விசில் மறுப்போர், முதலில் வருவது வெறும் காற்று, அதை எண்ணுவது பாமரத்தனம் என்பர் (அதே அத்தை, அதே மதில், அடுத்த தண்ணீர் வந்த நாள், முந்தைய உரையாடலில் தாம் சொன்னதை இதில் மறுக்கிறார், மறுத்த கையோடு அதையே ஆதாரமாகவும் காட்டுகிறார், இடையில் கடனாக வாங்கிய தேங்காய்த் துருவியைத் திருப்பித் தராமல் பேச்சை மாற்றுகிறார்). நான்காவதாகக் கேட்காதோர் என்று ஒரு பள்ளி உண்டு. இவர்கள் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பவர்கள், எத்தனை என்று கேட்டால் 'மூணு' என்பார்கள். தரவு இல்லாமல் முடிவு தருவதில் இவர்களை விஞ்ச ஆளில்லை. பலர் தேர்வுக்குழுவில் இருக்கிறார்கள்.

இந்த நான்கு பள்ளிகளுக்கும் பொதுவான அம்சம் ஒன்றுண்டு. எவரும் குக்கரைத் திறந்து பார்ப்பதில்லை. எண்ணுவது கோட்பாடு, திறந்து பார்ப்பது வெறும் சமையல். பதவி உயர்வு கோட்பாட்டுக்கே.

6.5 களப்பதிவு. வடவள்ளி, இரவு. மகள் ஓவனுக்குள் தட்டை வைக்கிறாள். பின்வரும் உரையாடல் உள்ளது உள்ளபடி:

'கண்ணு, எத்தன விசில் உடோணும்?'

'விசிலெல்லாம் வராதுங்மா.'

'அப்பறம் எப்புடி வேகும்?'

'இருபது நிமிசங்மா.'

'அதான் எத்தன விசிலு?'

6.6 இணைக்குக்கர் முறை. மேற்கண்ட முட்டுக்கட்டையை அம்மாவே நீக்கினார். சூடேறிய ஓவனுக்குள் மீன் போன அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் அரிசியும் பருப்பும் போட்டுக் குக்கர் வைத்தார். மூன்றாம் விசில் வந்ததும் மீனை எடுக்கச் சொன்னார். ஆய்வாளர் வருத்தத்துடன் பதிவு செய்கிறார்: இம்முறை வேலை செய்கிறது. ஓரங்குலத் தடிமனுள்ள சால்மன் துண்டு 200 டிகிரியில் வேக ஆகும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடமும், குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. மொழியறியாத ஓவனுக்குக் குக்கர் துபாஷியாக நின்றது. வெளிநாட்டுக் கோட்பாடுகள் தமிழுக்கு வருவதும் பெரும்பாலும் இப்படித்தான். மூலத்தை யாரும் படிப்பதில்லை, பக்கத்தில் எதுவோ கூவும்போது இறக்கிக்கொள்கிறோம்.

7. விரைவு பற்றி

சால்மன் இருபது நிமிடத்தில் ஆகிவிடும் என்று சமையல் குறிப்புகள் சொல்கின்றன. உறைந்த மீன் இளகும் நேரம், ஓவனிலிருந்து தோசைக்கல்லை வெளியேற்றும் நேரம், அதை வைக்க வேறிடம் தேடும் நேரம், எலுமிச்சம்பழத்துக்கு ஆளனுப்பும் நேரம், கவுச்சி வாடைக்கு ஜன்னல் திறக்கும் நேரம், கொசு வந்ததால் மூடும் நேரம் ஆகியவை இதில் சேரா. ஆய்வேடு மூன்றாண்டில் முடியும் என்பதும் இதே கணக்கு முறைதான்.

8. ஆரோக்கியம் பற்றி

சால்மனில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் மிகுதி. புரதம் நல்ல புரதம். வறுவலோடு ஒப்பிட்டால் எண்ணெய்ச் செலவு சொற்பம். இதில் ஐயமில்லை. ஐயம் அடுத்த கட்டத்தில் எழுகிறது. விசிலுக்காக வைத்த அரிசியும் பருப்பும் இப்போது வெந்து இருக்கிறது. இருப்பதை வீணாக்க முடியாது. அரிசியும் பருப்பும் சாதம் என்றால் நெய் வேண்டும். நெய் என்றால் அப்பளம் வேண்டும். அப்பளம் என்றால் வாணலி. வாணலி என்றால் எண்ணெய். இவ்வாறாக, சோறில்லாத இலேசான இரவு உணவாகத் தொடங்கியது, சோறு நிறைந்த தட்டின் ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு மீனாக நிலைபெறுகிறது. சாப்பிட்டு முடித்த அப்பாரு, 'ஊறுகாய்க்குப் பதிலா இது பரவால்லீங்' என்று சான்றளித்தார். நார்வேயில் இக்கருத்து இதுவரை எட்டவில்லை எனக் கருத இடமுண்டு.

9. செய்முறை

ஆய்வுக்கு இது இன்றியமையாததன்று என்பதால் சுருக்கமாகத் தரப்படுகிறது. துண்டை ஈரம் போகத் துடைக்கவும். உப்பு, மிளகுத்தூள், தட்டிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளில் ஒரு சிட்டிகை, ஊத்துக்குளி வெண்ணெய் கொஞ்சம். தோல் கீழே இருக்குமாறு தட்டில் வைத்து, சுற்றிலும் சின்ன வெங்காயமும் பீன்ஸும் பரப்பி, முன்பே 200 டிகிரிக்குச் சூடேறிய ஓவனில் வைக்கவும். துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டால் போதும். மேலே வெள்ளை வெள்ளையாகக் கசிந்து உறைவது அல்புமின் என்ற புரதம். நிறையக் கசிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

10. முடிவுகள்

முதலாவது, கொங்குநாட்டில் சால்மன் சுட முடியும். இரண்டாவது, அது இரவு உணவாகாது, இரவு உணவுடன் ஆகும். மூன்றாவது, வெந்ததா என்பதை அறிய, துண்டின் தடித்த பகுதியில் முள்கரண்டியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தால் போதும். சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. மூன்றாம் முடிவை ஆய்வேட்டின் முதன்மைப் பகுதியில் சேர்க்க வேண்டாம் என்று நெறியாளர் அறிவுறுத்தினார். அது ஆறாம் இயலைத் தேவையற்றதாக்கிவிடுகிறதாம்.

11. மேலாய்வுக்கான களம்

ஏர் பிரையர் விரைந்து பரவி வருகிறது. அது சத்தம் போடுகிறது. ஆனால் விடாமல் போடுகிறது. விடாத சத்தத்தை ஒரே விசிலாக எண்ணுவதா, எண்ணற்ற விசிலாக எண்ணுவதா என்பதில் அத்தை இருவேறு மதில்களில் இருவேறு நிலைப்பாடு எடுத்திருக்கிறார். இதைத் தீர்க்க ஐந்தாண்டும் ஆய்வு உதவித்தொகையும் ஒரு ஏர் பிரையரும் தேவைப்படும். விண்ணப்பம் தனியே அனுப்பப்பட்டுள்ளது. ஏர் பிரையரை மட்டும் முதலில் அனுமதித்தாலும் ஆய்வாளருக்கு ஆட்சேபம் இல்லை.