கீழே ஒயின், மேலே குடும்பம்

கேள்வி: எழுநூறு வருஷத்துக்கு முந்தைய வியாபாரி வீடு எங்காவது உருப்படியாக நிற்கிறதா?

பதில்: இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் நிற்கிறது. கதவு எண் 58, ஃபிரெஞ்ச் தெரு. ஜான் ஃபோர்ட்டின் என்ற வணிகர் 1290 வாக்கில் கட்டியது.

கேள்வி: பெரிய மாளிகையா?

பதில்: இல்லை. தெருவைப் பார்த்துக் குறுகிய முகப்பு, உள்ளே போகப்போக நீளம். முன்னால் கடை, நடுவில் கூரைவரை உயர்ந்த கூடம், மேலே படுக்கையறை. மாடி மட்டும் தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குத்தான் விலை, ஆகாயத்துக்கு இல்லையே!

கேள்வி: என்ன வியாபாரம்?

பதில்: பிரான்ஸின் போர்டோவிலிருந்து வந்த ஒயின். அந்தப் பகுதி அப்போது இங்கிலாந்து மன்னரின் ஆட்சியில் இருந்ததால் வர்த்தகம் கொழித்தது. வீட்டின் அமைப்பே இந்தச் சரக்கை வைத்துத்தான். அடியில் கல்லால் வளைவுக்கூரை கட்டிய நிலவறை. அதற்குத் தெருவிலிருந்தே தனி வழி. அன்றைய பெரிய பீப்பாய் ஒன்றில் ஏறத்தாழ 950 லிட்டர் பிடிக்கும், நிரம்பினால் எடை ஒரு டன். அதைப் படியேற்றி மாடிக்கா கொண்டுபோக முடியும்? தவிர, தக்கை அடைத்த பாட்டில் வராத காலம். பீப்பாய் ஒயின் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிது. புதுச் சரக்கு இறங்கியதும் பழையது விலை சரியும். கோடையிலும் பனியிலும் ஒரே குளுமை தரும் நிலவறைதான் வியாபாரியின் முதலுக்குக் காவல். வீட்டுக்காரர் மரச்சட்ட முகப்புக்குப் பின்னால் தூங்கினார். சரக்கு கல் நிலவறைக்குள் பத்திரமாக இருந்தது. எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: போர், தீ ஒன்றும் தொடவில்லையா?

பதில்: 1338 அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெனோவாக்காரர்களும் கடல்வழி வந்து ஊரைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். பிறகு மேற்குக் கரையில் மதில் எழுப்பியபோது, கடலைப் பார்த்திருந்த வணிகர் வீடுகளின் வாசலையும் ஜன்னலையும் அடைத்து, அந்தச் சுவர்களையே மதிலாக்கினார்கள். அடைத்த தடயங்களை இன்றும் காணலாம். ஃபோர்ட்டின் வீடு பிழைத்தது. பின்னாளில் அதுவே பீர்க்கடையாகவும் இருந்தது. 1940-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சேதமானபோதுதான் உள்ளே மறைந்திருந்த பழைய கட்டுமானம் வெளியே தெரிந்தது.

கேள்வி: 1980-களில் புதுப்பித்தபோது, இடையில் சேர்ந்ததையெல்லாம் நீக்கி 14-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்குக் கொண்டுபோனார்களாமே. சரியா?

பதில்: பொதுவாக எனக்கு இப்படிச் சுரண்டுவது பிடிக்காது. இங்கே ஒப்புக்கொள்கிறேன். பழைய பீர்க்கடைகள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. கடை, கூடம், நிலவறை மூன்றும் கட்டிய வடிவில் சேர்ந்திருக்கும் இத்தகைய வீடு கிடைப்பது அபூர்வம். ஆனால் உள்ளே உள்ள மரச்சாமான்கள் இக்காலத்தில் செய்த மாதிரிகள். அவற்றைப் பழம்பொருள் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: லண்டன் போகிறேன். இந்த வீட்டுக்காகச் சவுத்தாம்ப்டன் போகலாமா?

பதில்: அவசியம். வாட்டர்லூவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். திறக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள். டைட்டானிக் புறப்பட்ட ஊர் என்று துறைமுகத்தோடு திரும்பிவிடாமல், முதலில் அந்த நிலவறைக்குள் இறங்குங்கள்.