எந்த வெள்ளை?

தீபாவளிக்கு சீலிங்குக்கு எந்த வெள்ளை அடிக்கலாம் என்று சொல்லத்தான் கட்டுரையாளர் உட்கார்ந்தார். நேற்றுச் சாயந்தரம், அவருடைய ஹட்டன் வீட்டில், போன வருஷத்து வெள்ளை கையகலப் பூச்சோடு தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது. ஆகவே மனுஷர் கொஞ்சம் சூடாக இருக்கிறார்.

"ரெண்டு கோட் போட்டா மறஞ்சிரும் சேர்" என்றிருந்தார் பெயின்ட் பாஸ். மறைந்தது. பாஸும் மறைந்தார். கறை மட்டும் திரும்பி வந்தது.

மலைநாட்டில் ரெண்டு கோட் என்பது தனி வைத்தியம். வெடிப்பா? ரெண்டு கோட். பூஞ்சணமா? ரெண்டு கோட். சிலாப் ஒழுகுகிறதா? அதற்கு நல்ல கம்பெனி பெயின்ட்டில் ரெண்டு கோட். வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் வட்டவளையிலும் இதே மருந்துதான். கதவு இறுகினால், வாடகைக்காரர் முறைத்தால், சம்பந்தி வீட்டார் குறை சொன்னால்கூட யாராவது ஒருவர் பிரஷ்ஷோடு வந்து நிற்பார். போன மாதம் தண்ணீர்த் தாங்கி ஒழுகியதற்கும் ஒருவர் இதையே சொன்னார். தாங்கி பிளாஸ்டிக்!

மேலே ஏறிப் பார்த்தால் விஷயம் வேறு. மாடி எடுக்கப்போவதாக விட்டு வைத்த கம்பிகள் வருஷக்கணக்காக நனைகின்றன. சிலாப்பில் தேங்கும் தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கி உள்கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கிடைக்காவிட்டால் பூச்சைத் தள்ளிவிடும். அந்தத் தள்ளுமுள்ளை வெள்ளை பெயின்ட் தடுக்க வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு.

மேசன் பாஸிடம் கேட்டால் ஒழுங்காகச் சொல்வார். முதலில் மேலே ஒழுக்கை அடைக்க வேண்டும். கீழே தட்டிப் பார்த்து, பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் கொத்தி, கம்பியின் துருவைச் சுரண்டி, நனைத்துப் பூசி, ஒரு மாதமாவது காயவிட வேண்டும். கொத்தாமல் விட்ட இடத்துப் பழைய கறைக்கு எண்ணெய் பிரைமர் வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை கோட்டுக்கும் மேலே பழுப்பு ஊறிவரும்.

ஆனால் தீபாவளி வருவதோ ஒக்டோபர், நவம்பர் மழையில். காய்வதற்கு வெயில் ஜனவரியில்தான். வேலைக்குக் காசு வேண்டுமே, பண்டிகை முற்பணமோ தீபாவளிக்குத்தான் கிடைக்கும்.

லயத்துக் காம்பராவில் இந்தச் சர்ச்சையே இல்லை. அங்கே சீலிங் ஏது? தகரம் ஒழுகும், சட்டி வைப்பார்கள்.

எந்த வெள்ளை என்று கேட்டவர்கள் மாசி மாதம் வந்து கேளுங்கள்.