மினிட்ஸ்படி நாங்கள் பத்திரமாக இருக்கிறோம்

டெல்லி லோதி ரோடு வட்டாரத்தில் பிரதான்ஜி ஆவதற்குச் சொந்தக் கடை இருந்தால் மட்டும் போதாது. குரல் வேண்டும். எதிராளி மூச்சு வாங்கும் இடைவெளியில் உள்ளே நுழைந்துவிட்டு, அப்புறம் வெளியேறத் தெரியாத குரல். எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. அவர் எந்த வருஷம் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது யாருக்கும் நினைவில்லை. கேட்டால், அடுத்த தேர்தல் எப்போது என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். அதனால் யாரும் கேட்பதில்லை.

நான் அவருடைய மினிட்ஸ் எழுத்தர். பகலில் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில் ஃபைல் தள்ளுகிற ஆசாமி. போலீஸ் தாணாவில் பாதுகாப்புக் கூட்டம், அரசு குவார்ட்டர்ஸ் சார்பில் யாராவது வர வேண்டும் என்று சொன்னார்களே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பிரதான்ஜி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பேனா. "மதராஸி ஸாப் எழுதட்டும். இவங்களுக்கு இங்கிலீஷ் இட்லியோடயே வந்துடும்" என்றார். அன்றைக்குப் பிடித்த நோட்டு. பதினோரு வருஷம் ஆகிறது.

எங்கள் பக்கத்து மார்க்கெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிவினைக்குப் பின் அகதிகள் மறுவாழ்வுத் துறை அமைச்சராக இருந்தவர் பெஷாவர்க்காரரான மெஹர் சந்த் கன்னா. லோதி காலனியில் அவர் பெயரை இரண்டாக வெட்டி, முன்பாதியை மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் பின்பாதியைக் கன்னா மார்க்கெட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். பாகப்பிரிவினை அத்தோடு நிற்கவில்லை. ஒன்று என்.டி.எம்.சி. நகராட்சியில், மற்றொன்று எம்.சி.டி. மாநகராட்சியில். குவார்ட்டர்ஸுக்கு மத்தியப் பொதுப்பணித் துறையான சி.பி.டபிள்யூ.டி. இத்தனைக்கும் காவல் காக்கும் டெல்லி போலீஸ், டெல்லி அரசின் கையில் இல்லாமல் மத்திய உள்துறையின் கீழ். பிரதான்ஜியின் கடை எந்த மார்க்கெட்டில் என்று நான் சொல்லப்போவதில்லை. நாளைக்கும் அங்கேதான் கறிவேப்பிலை வாங்க வேண்டும்.

கூட்டம் ஐந்து மணி என்றால் ஐந்தேமுக்காலுக்குத் தாணா அதிகாரி எஸ்.எச்.ஓ. வருவார். பிரதான்ஜி எழுந்து அவருக்குச் சால்வை போர்த்துவார். சால்வைக்காக ஒரு படம், கைகுலுக்கலுக்காக ஒன்று, இரண்டிலும் யாரோ கண்ணை மூடிவிட்டதால் மூன்றாவதாக ஒன்று. கடைச் சுவரில் இப்படிப் பதினான்கு படங்கள் மாட்டியிருக்கிறார். பதினான்கு படத்திலும் காக்கிச் சட்டைக்காரர் வேறு வேறு. பிரதான்ஜியின் புன்னகை ஒன்றே. தலைமுடி மட்டும் படிப்படியாகக் கறுத்துக்கொண்டு வருகிறது.

பிறகு உரை. அது அப்பா லாகூரிலிருந்து ஏறிய ரயிலில் புறப்படும். 1985 மே மாதத்து டிரான்சிஸ்டர் குண்டுகளில் நிற்கும். டி.டி.சி. பஸ்களில் 'ஸீட்டுக்கு அடியில் பாருங்கள், குண்டு இருக்கலாம்' என்று எழுதியிருந்ததை ஒரு தடவை ஒப்பிக்கும். 1996 லாஜ்பத் நகர் வழியாக 2005 அக்டோபர் 29-க்கு வரும்போது குரல் தானாகத் தாழும். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், சரோஜினி நகர், பகாட்கஞ்ச், கோவிந்த்புரி. அறுபதுக்கு மேல் சாவு. கோவிந்த்புரி பஸ்ஸில் பையைப் பார்த்துவிட்டுப் பயணிகளைக் காப்பாற்றிய டிரைவர் கண் பார்வையை இழந்தார். அன்று சாயங்காலம் பிரதான்ஜியின் மைத்துனர் சரோஜினி நகரில் ஸ்வெட்டர் எடுக்கப் போயிருந்தார். ராத்திரி ஒன்பது மணிவரை தகவல் இல்லை. இந்த இடத்தில் அவர் நடிப்பதில்லை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் டம்ளரைத் தேடுவார்.

தண்ணீர் குடித்து முடித்ததும், "ஆகையால் ஜனாப், எங்கள் கடை வாசலில் கார் நிறுத்த இடம் வேண்டும்" என்பார்.

எந்த ரயில் ஏறினாலும் பிரதான்ஜி இறங்கும் ஸ்டேஷன் பார்க்கிங்தான். பார்க்கிங்குக்குக் குறுக்கே நிற்பவை தள்ளுவண்டிகள். எனவே நகரத்தின் பாதுகாப்புக்கு முதல் அச்சுறுத்தல் தள்ளுவண்டிகள். மோமோ வண்டி, சாய்வாலா, இஸ்திரிப்பெட்டிக்காரர், பழவண்டி. இரண்டாவது அச்சுறுத்தல் கேமரா தொங்கவிட்ட இளைஞர்கள். பத்து வருஷமாக லோதி காலனிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டிவைத்திருக்கிறார்கள். அதைப் படம் பிடிக்க ஊர் ஊராக வருகிறார்கள். "சுவரை யாராவது படம் பிடிப்பானா? ரெக்கி பண்றான்" என்பது பிரதான்ஜியின் துணிபு. ஒரு தடவை பீட் கான்ஸ்டபிளை அழைத்துப்போய் ஒரு பெண்ணை விசாரிக்க வைத்தார். கட்டடக்கலை மாணவியாம். கடைசியில் அவளே பிரதான்ஜியையும் சுவர் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். அதுவும் இப்போது கடையில் தொங்குகிறது.

தெருவிளக்கு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், கூட்டத்திலும் அப்படித்தான். கம்பம் ஒரு இலாகா, ஒயர் இன்னொரு இலாகா, பல்பு காண்டிராக்டர். மூன்று பேரும் வந்திருந்தார்கள். இருட்டு மட்டும் எங்களுடையது என்று தீர்மானமாயிற்று.

அடுத்து வேலையாள் சரிபார்ப்பு. கடைப் பையன்களின் விவரத்தைப் போலீஸில் பதியாவிட்டால் முன்பு இ.பி.கோ. 188, 2024 ஜூலை முதல் நியாய சம்ஹிதை 223 என்று ஏ.சி.பி. விளக்கினார். பிரதான்ஜி பலமாகத் தலையாட்டினார். அவர் கடைப் பையனை ஆறு வருஷமாக "சோட்டூ" என்று கூப்பிடுகிறார். முழுப் பெயர் என்ன என்று நான் பாரத்தை நீட்டியபோது, திரும்பி அவனையே கேட்டார்.

கேமராவும் உண்டு. "பதினாறு போட்டிருக்கிறேன் ஜனாப்!" அதில் பதினைந்து கல்லாப்பெட்டியையும் கடைப் பையன்களையும் பார்க்கின்றன. வாசலைப் பார்க்கும் ஒன்றுக்கு ஒயர் கிடையாது. "திருடனுக்குத் தெரியவா போகுது?" என்று என் காதில் சொன்னார். நான் மினிட்ஸில் பதினாறு என்றே எழுதினேன்.

போன தடவை ஒரு சின்னச் சங்கடம். புதிதாக வந்த எஸ்.எச்.ஓ. டெல்லி போலீஸின் 'ஆங்க் அவுர் கான்' திட்டத்தை எடுத்துச் சொன்னார். போலீஸுக்குக் கண்ணும் காதுமாக இருக்க வேண்டியவர்கள் யார் யார் என்று பட்டியல் வாசித்தார். நடைபாதை வியாபாரிகள், பார்க்கிங் பையன்கள், சௌக்கிதார்கள், ஆட்டோக்காரர்கள். பட்டியலில் முதலில் நிற்பவர்கள், பத்து நிமிஷத்துக்கு முன்னால் நாங்கள் அகற்றச் சொல்லித் தீர்மானம் போட்ட அதே ஆட்கள். போதாததற்கு 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம் வேறு: அதன்படி அமைக்கும் குழுவில் நாற்பது சதவீதம் வண்டிக்காரர்களே உட்கார வேண்டுமாம். பிரதான்ஜி கொஞ்சமும் அசரவில்லை. முதலில் கைதட்டியது அவர்தான். "பஹுத் படியா! அதைத்தானே நானும் சொல்றேன். கண்ணும் காதும் இருக்கட்டும், வண்டி மட்டும் வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. தீர்மானம் ஒன்றில் பெயர் குறிப்பிட்டு அகற்றப்பட்ட அதே சாய்வாலாதான் கொண்டுவந்தார். வருஷக்கணக்காக எங்கள் கூட்டத்துக்கு டீயும் சமோசாவும் அவர் வண்டியிலிருந்துதான். யாருக்குச் சர்க்கரை இல்லாமல், யாருக்கு இஞ்சி தூக்கலாக என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எந்தக் கடையின் ஷட்டரில் பூட்டுச் சரியாக விழாது, எந்த வீட்டில் ஆளில்லை, நேற்று ராத்திரி யார் புதிதாகச் சுற்றினார்கள் என்பதும்தான். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பிரதான்ஜி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இன்னிக்கு இஞ்சி கம்மி" என்றார்.

மினிட்ஸை வாசித்தேன். தீர்மானம் 1: நடைபாதைக் கடைகளை உடனடியாக அகற்றுவது. தீர்மானம் 7: அடுத்த கூட்டத்துக்கான சிற்றுண்டி ஏற்பாடு வழக்கம்போல. பிரதான்ஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டார்.

நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். சாய்வாலா கிளாஸ்களைக் கம்பிக்கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மீட்டிங் என்னிக்கு ஸாப்? பாலுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும்."