எவர்சில்வர் டப்பாவும் ஐந்தோவன் நகரமும்: குடியேற்றவியலில் ஒரு சிற்றாய்வு

ஒருவர் வேலை நிமித்தம் அயல்நாடு போய், அங்கே வேர் பிடித்துவிட்டார் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? இதற்கு அரசாங்கம் ஒரு பதில் வைத்திருக்கிறது, அம்மா ஒரு பதில் வைத்திருக்கிறார். நெதர்லாந்து அரசாங்கத்தின் பதில் எளிது: நகராட்சிக்குப் போய் முகவரியைப் பதிந்து, பி.எஸ்.என். எனப்படும் குடிமக்கள் சேவை எண்ணை வாங்கிக்கொண்டால் ஆள் வந்தாயிற்று. அம்மா இதை ஒப்புக்கொள்வதில்லை. "மத்தியானம் என்னடா சாப்ட்ட?" என்ற கேள்விக்குத் திணறாமல் பதில் வரும் நாள்வரை பிள்ளை இன்னும் நடுவானில்தான் இருக்கிறான் என்பது அவர் கட்சி. இவ்வாய்வு அம்மாவின் கட்சியைச் சேர்ந்தது. மதிய உணவு டப்பாவே இதன் முதன்மைச் சான்று. தரவு சேகரித்த முறை, எட்டிப் பார்த்தல்.

முன்னோர் நூல்களை முதலில் பார்த்துவிடுவது மரபு. தலைவன் வீட்டைப் பிரிந்து போவதற்கு ஓதல், பகை, தூது, பொருள் என்று தொல்காப்பியர் காரணங்களைச் சொல்லியிருக்கிறார். பட்டியலில் இன்றைக்கும் கை வைக்க வேண்டியதில்லை. மேற்படிப்பு ஓதலில் அடங்கும். ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர் தூதில் அடங்குவார். மேனேஜர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வேறு கண்டத்தில் வேலை தேடுவது பகை. மிச்சமெல்லாம் பொருள். கடல் தாண்டிப் போகும்போது பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்றும் அவர் விதித்திருக்கிறார். டிபெண்டன்ட் விசா வராத காலம், அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. போன இடத்தில் தலைவன் மதியம் என்ன சாப்பிட்டான் என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவும் கிடையாது. இவ்வளவு பெரிய விடுபாட்டை உரையாசிரியர்கள் எப்படிச் சும்மா விட்டார்கள் என்பதே தனி ஆய்வுக்கு உரியது.

அந்த இடைவெளியை நிரப்பிய முன்னோடி கணித மேதை இராமானுஜன். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர் 1914இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். சைவ உணவு வேண்டுமென்பதால் அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். எனினும் அவரை வீழ்த்தியது அடுப்பு அல்ல, கட்டில். மெத்தையோடு சேர்த்துச் செருகி வைத்திருந்த கம்பளிகளுக்கு அடியில் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், அவற்றின் மேலேயே படுத்து மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார். பார்க்க வந்த நண்பர் மகலனோபிஸ்தான் செய்து காட்டினாராம். எண்களின் அந்தரங்கமெல்லாம் தெரிந்தவரையே ஒரு படுக்கை விரிப்பு மடக்கியிருக்கிறது என்றால், சாதாரணப் பொறியாளர் எம்மாத்திரம்?

களத்துக்கு வருவோம். ஐந்தோவன், நெதர்லாந்தின் தெற்கே வட பிரபாந்து மாகாணத்தில் இருக்கும் ஊர். 1891இல் பிலிப்ஸ் நிறுவனம் பல்பு செய்யத் தொடங்கியது இங்கேதான். சிப்பு செய்யும் எந்திரங்களுக்குப் பேர்போன ஏ.எஸ்.எம்.எல். 1984இல் பிறந்து, இன்று பக்கத்து ஊரான வெல்டோவனில் இருக்கிறது. இப்படிப்பட்ட கம்பெனிகளையும் அவற்றுக்கு வேலை செய்து கொடுக்கும் கம்பெனிகளையும் நம்பி வந்து சேர்ந்த தமிழர்களை மாவட்ட வாரியாகப் பிரித்து ஆராயலாம், அவ்வளவு பேர். இதில் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் டச்சுக்காரர்கள்; 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தையும் வைத்திருந்தார்கள். வேலைக்காக மூட்டை கட்டிக்கொண்டு அடுத்தவர் ஊருக்குப் போகும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது அவர்கள்தான். அதுவும் பி.எஸ்.என். இல்லாமல்.

ஆய்வுக்கு உட்பட்டவர் சாத்தூர்ப் பக்கத்துப் பையன். இனி தம்பி எனப்படுவார். அவர் வேலை பார்க்கும் இடம் எது என்பது ஆய்வுக்குத் தேவையில்லை.

தம்பி வந்திறங்கியபோது கொண்டுவந்த சாமான்களில் நமக்கு முக்கியமானது ஓர் எவர்சில்வர் டப்பா. இரண்டு அடுக்கு, பக்கத்தில் கிளிப். மூடியில் அம்மாவின் இனிஷியலும் ஊர்ப் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாத்திரக்கடையில் வாங்கும்போதே வெட்டிக் கொடுத்துவிடுவார்களே, அந்த எழுத்து. கூடவே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாவடு. நெய் வரவில்லை. பயணிகள் தம் பையில் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடாது. கறிவேப்பிலையும் வரவில்லை. செடி, இலை, பழம் எதுவானாலும் நோயற்றது என்ற சான்றிதழ் வேண்டும் என்று 2019 டிசம்பரிலிருந்து விதி. விலக்கு ஐந்துக்குத்தான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன். இதில் முதல் இரண்டையும் பார்த்த இவ்வாய்வாளருக்கு, சட்டம் இயற்றிய அவையில் அர்ச்சனைத் தட்டு ஏந்திய யாரோ உட்கார்ந்திருந்தார் என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் வெற்றிலையை மறந்துவிட்டார்.

வீடு தேடுவது, சைக்கிளுக்கு இரண்டு பூட்டு போடுவது, எதிர்க்காற்றில் மிதிப்பது, இவற்றுக்கெல்லாம் கையேடுகள் இருக்கின்றன. விட்டுவிடுவோம். மணி பன்னிரண்டு ஆகிறது.

நெதர்லாந்து அலுவலகத்தில் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. யாராவது ஒருவர் எழுந்து "லஞ்ச்?" என்பார், குழு மொத்தமாகக் கிளம்பும். அவர்கள் டப்பாவைத் திறந்தால் உள்ளே ரொட்டித் துண்டுகள், நடுவில் பாலாடைக்கட்டி. சிலர் வெண்ணெய் தடவி அதன்மேல் ஹாகல்ஸ்லாக் என்ற சாக்லேட் துகளைத் தூவிக்கொள்வார்கள். துறைத் தலைவரே தூவிக்கொள்வார், யாரும் சிரிப்பதில்லை. கூட ஒரு கோப்பை பால், அல்லது கார்னமெல்க் என்ற மோர். உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை எதுவும் இல்லாத மோர். அரை மணியில் எல்லாம் முடிந்து, கால்நடையாக ஒரு சுற்று போய்வந்து, அவரவர் இருக்கை. சூடான சாப்பாடு என்பது அவர்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டில்.

இதிலிருந்து ஒரு விளைவு உண்டாகிறது. இவ்வாய்வின் முதுகெலும்பே அதுதான். உள்ளூர்க்காரருக்கு மதியம் மைக்ரோவேவ் தேவையே இல்லை. ஆகவே அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பவர்கள் அனைவரும் வந்தேறிகள். லசான்யாவோடு இத்தாலிக்காரர், பருப்புச் சூப்போடு துருக்கிப் பெண், சோறும் தக்காளி முட்டையும் வைத்திருக்கும் சீனர், ராஜ்மாவோடு தில்லிக்காரர். கம்பெனியின் விளம்பரப் படத்தில் உலக வரைபடத்துக்கு முன்னால் எல்லா நிறத்தவரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காட்சி அந்தக் கட்டடத்தில் நடைமுறையில் காணக்கிடைப்பது மைக்ரோவேவ் வரிசையில் மட்டும்தான், அதுவும் சிரிப்பில்லாமல்.

ஒரு டப்பா சூடாக மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாவதாக நிற்பவருக்குப் பன்னிரண்டு நிமிடம் பேச்சுக் கிடைக்கிறது. அயல்நாட்டு வாழ்வின் நுட்பமெல்லாம் கைமாறுவது அப்போதுதான். 30 விழுக்காட்டு வரிச் சலுகை ஐந்து ஆண்டுதான், 2027இல் அது 27 ஆகிறது. அந்தச் சலுகை பெற்றவர் இந்திய ஓட்டுநர் உரிமத்தைத் தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம். காய்ச்சல் என்று குடும்ப மருத்துவரிடம் போனால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளச் சொல்வார், அதனால் போகும்போதே போட்டுக்கொண்டு போகவும். வேலைக்குச் சேர்ந்த அன்று மனிதவளத் துறை கொடுத்த கோப்பில் இவற்றில் பாதிகூட இராது.

தம்பிக்கு இந்த அறிவு எதுவும் எட்டவில்லை. காரணம், தயிர்சாதம்.

எவர்சில்வர் மைக்ரோவேவுக்குள் போகாது. அந்த அலுவலகத்தில் வாசனை பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் தம்பிக்குச் சாத்தூரிலிருந்தே கூட வந்திருந்தது. சூடு பண்ண வேண்டாம், மணக்காது, பாத்திரமும் மாற்ற வேண்டாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே தீர்வு தயிர்சாதம்தான். சுட வைத்தால் தயிர் திரிந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்பதால் அதை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கவும் வழியில்லை. ஆக, தம்பி பன்னிரண்டு அடித்ததும் ரொட்டிக்காரர்களோடு உட்கார்ந்து, மூடியைக் கரண்டி நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, பரீட்சைத் தாளை மறைப்பது போல இடது கையை வளைத்துக்கொண்டு சாப்பிட்டார். உரிமத்தை மாற்றும் வழி தெரியாமல் மழையில் சைக்கிள் மிதித்தார். தயிர்சாதம் குடியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது என்ற நம் கருதுகோளுக்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது. தயிர்சாதப் பிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்போது ஊரில் பிற்பகல் நான்கு மணி, குளிர்காலமானால் ஐந்து. அம்மா அழைப்பார்.

"என்னடா கொண்டுபோன?"

"தயிர்சாதம்மா."

"நேத்தும் அதான சொன்ன. தொட்டுக்க?"

"மாவடு."

"மாவடு இன்னுமா இருக்கு?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு பேச்சு தங்கச்சி பக்கம் திரும்பிவிடும். குரல் ஆதாரங்களை ஆராய்வோர் இந்தத் திருப்பத்தைக் கவனிக்க.

திருப்புமுனை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அறிவிப்பு உண்டு: பெயர் ஒட்டாத பொருள்கள் வெள்ளி மாலை அப்புறப்படுத்தப்படும். தம்பி டப்பாவை உள்ளே மறந்துவிட்டுப் போய்விட்டார். டப்பாவைக் குப்பையில் போட மனம் வராத யாரோ ஒரு புண்ணியவான், அதைப் படம் எடுத்து, இந்த உலோகக் கலம் யாருடையது என்று கட்டடம் முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்பினார். பெயர் ஒட்டவில்லை என்ற குற்றச்சாட்டு சட்டப்படி நிற்காது. ஒட்டவில்லைதான், ஆனால் வெட்டியே இருக்கிறதே. மூடியின் எழுத்தைப் படத்தில் பெரிதாக்கிப் படித்து, வெவ்வேறு மாடிகளிலிருந்து பதில்கள் வந்தன. ஒருவர் இனிஷியலைச் சொன்னார். ஒருவர் ஊரைச் சொன்னார். மூன்றாம் மாடியிலிருந்து திருச்சிக்கார அக்கா ஒருவர், "சாத்தூரா? சேவு இருக்கா?" என்று எல்லாரும் பார்க்கத் தமிழிலேயே கேட்டுவிட்டார். அந்தக் கட்டடத்தில் எத்தனை தமிழர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அன்றுதான் முதன்முதலாக வெளிவந்தது.

அக்கா வத்தக்குழம்பையே கொண்டுவருபவர். கண்ணாடி டப்பா, நாலு பக்கமும் கிளிப் வைத்த மூடி. சோற்றின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, மூடியைச் சாய்த்து வைத்து, அடுப்புக்குள் தள்ளுவார்.

"தம்பி, எவர்சில்வர இதுக்குள்ள வச்சிராத. கண்ணாடி ஒண்ணு வாங்கு. அந்தத் தயிர்சாதத்த ராத்திரிக்கு வச்சுக்க."

"வாசன வருமேக்கா."

"வரட்டும். அவங்க சீஸ் வாசனைக்கு நாம மெயில் போட்டமா?"

இதன் பிறகு தம்பியின் மூடிக் கோணம் விரிவடையத் தொடங்கியதைக் கண்ணாலேயே காண முடிந்தது. முதலில் எலுமிச்சைச் சாதம். பிறகு தக்காளி. பெருங்காயத்தின் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் ஆவியோடு மேலெழுந்து மேலதிகாரி வரைக்கும் போவன. அவற்றுக்கு அஞ்சாமல் தம்பி சாம்பார் கொண்டுவந்த நாளில், வரிசையில் முன்னால் நின்ற இத்தாலிக்காரர் திரும்பிப் பார்த்து, உள்ளே என்ன பருப்பு என்று கேட்டார். அவ்வளவுதான். ஓட்டுநர் உரிம விண்ணப்பமும் அந்த வாரமே போயிற்று.

அதற்காக ரொட்டிக்கு மாறுவதே குடியேற்றத்தின் நிறைவு என்று வாதிடும் ஒரு சாராரை மறுக்காமல் விடக் கூடாது. ரொட்டி கொண்டுவரும் தமிழர்கள் உண்டு. காலையில் அரிசி வைக்க நேரமில்லாதவர்கள் அவர்கள். சோம்பலைப் பண்பாட்டு மாற்றம் என்று எண்ணிவிடும் பிழை நம் துறையில் மலிந்திருக்கிறது.

பிறந்தநாள் வழக்கம் ஒன்றும் குறிக்கத்தக்கது. அங்கே பிறந்தநாள்காரருக்கு யாரும் கேக் வாங்கிக் கொடுப்பதில்லை. அவரே வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். முதன்மைக் கணக்காயர் ஆனாலும் அவரே கத்தி பிடித்து வெட்டித் தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்க மிட்டாய் நீட்டி வளர்ந்த நமக்கு இதில் பயிற்சியே தேவைப்படவில்லை. தம்பி கேசரி கிண்டிக்கொண்டு போனார். பாத்திரம் வழித்து வந்தது.

இனி ஒரு சிக்கலைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தம்பிக்குப் பக்கத்து இருக்கையில் ஐந்தோவனிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர். கேசரிக்குப் பிறகு துணிச்சல் வந்து, ஒரு நாள் பருப்புப் பொடியைக் கேட்டு வாங்கி, ஹாகல்ஸ்லாக் தூவும் அதே கைப்பக்குவத்தோடு வெண்ணெய் ரொட்டியின் மேல் தூவிச் சாப்பிட்டார். மறுநாளும் கேட்டார். இப்போது பொடி தூவிய ரொட்டியைச் சூடு பண்ண வேண்டும் என்று மைக்ரோவேவ் வரிசையில் வந்து நிற்கிறார். வரிசையில் நிற்பவரெல்லாம் வந்தேறி என்ற நம் கோட்பாட்டின்படி, தம் சொந்த ஊரிலேயே அவரை என்னவென்று வகைப்படுத்துவது? அவருடைய வரிச் சலுகை பற்றி இத்தாலிக்காரர் விசாரித்தும் பார்த்தார்.

செய்தி சாத்தூர் போனதில் அம்மாவுக்குப் பொடி தீர்ந்ததைப் பற்றிக் கவலையில்லை, வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடலாம். வெண்ணெயோடு சாப்பிடுகிறாரே என்பதுதான் கவலை. பருப்புப் பொடிக்கு நெய்தான். நெய்யோ விமானம் ஏறாது. ஆகவே அந்த ஊர் வெண்ணெயை வாங்கி உருக்குவது எப்படி என்று ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். தம்பி அதைப் பெரியவருக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வந்து, இறக்கும்போது ஒரு கொத்து முருங்கை இலை போட வேண்டும் என்ற இடத்தில் நிற்கிறார். இலைக்குச் சான்றிதழ் வேண்டும். சனிக்கிழமை ஆசியக் கடையில் கேட்டுப் பார்ப்பதாகப் பெரியவரே சொல்லியிருக்கிறார்.